கொடிக்குப் பெயர் மாற்றி ஊர்ப்பெயரைக் காத்த கதை: புரோசெக்கோ, ஒரு நிகழ்வு ஆய்வு

2007 மார்ச் 31-ஆம் தேதியோடு இத்தாலியின் வடகிழக்கு மூலையில் உள்ள ஃபிரியூலி மாநிலத்தார் ஒரு சொல்லை இழந்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முதலில் ஊற்றிக் கொடுக்கும் வெள்ளை ஒயினின் பெயர் டோகாய். அதே பெயரில் ஒரு திராட்சை ரகமும் உண்டு. மறுநாளிலிருந்து அந்தச் சொல்லைப் புட்டியின் மேல் அச்சிடக் கூடாது. ஒயினில் ஒரு மாற்றமும் இல்லை. கொடியும் மண்ணும் அதேதான். பெயர் மட்டும் போய்விட்டது.

புரோசெக்கோ என்ற இத்தாலிய நுரை ஒயினின் கதையைச் சொல்லவேண்டிய நான் டோகாயில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 2009-இல் புரோசெக்கோக்காரர்கள் செய்த காரியத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சற்றுத் தந்திரமாகத் தோன்றும். பக்கத்து வீட்டில் விழுந்த இடியைப் பார்த்தவர்கள் அவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அவசரம் புரியும்.

டோகாய் போன வழி

ஹங்கேரியில் டோகாய் என்பது ஓர் ஊர், ஒரு மலைப்பகுதி. அங்கே விளையும் இனிப்பு ஒயினின் புகழ் பல நூற்றாண்டுப் பழமை உடையது. ஃபிரியூலியின் டோகாய்க்கும் அதற்கும் சுவையிலும் உறவில்லை, ரகத்திலும் உறவில்லை. 1993-இல் ஐரோப்பியச் சமூகமும் ஹங்கேரியும் ஒயின் பெயர்கள் பற்றி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி இத்தாலியருக்கு 2007 மார்ச் வரை அவகாசம் கிடைத்தது. ஃபிரியூலி மாநில அரசு வழக்குத் தொடுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2005 மே மாதம் தோற்றது.

தோல்விக்கான காரணம் மிக எளிது. ஹங்கேரியின் டோகாய் ஒரு நிலத்தின் பெயர். ஃபிரியூலியின் டோகாய் ஒரு கொடியின் பெயர். சட்டம் நிலத்துக்குக் காவல் நிற்கும், கொடிக்கு நிற்காது. கொடியை வெட்டி எந்த ஊரிலும் நடலாம், ஊரைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது என்பதே அதன் அடிப்படை. இன்று ஃபிரியூலியார் அந்த ஒயினை 'ஃபிரியூலானோ' என்கிறார்கள். பக்கத்து வெனெட்டோ மாநிலத்தில் இத்தாலிய எழுத்தில் நடுவே உள்ள இரண்டை மட்டும் நீக்கிவிட்டு 'டாய்' ஆக்கிவிட்டார்கள்.

இப்போது புரோசெக்கோவுக்கு வருவோம். அந்த நாளில் அதுவும் கொடியின் பெயர்தான்.

குன்றுகளும் கொடியும்

வெனிஸுக்கு வடக்கே, ஆல்ப்ஸ் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் கொனெலியானோ, வால்தோபியாதெனே என்று இரண்டு ஊர்கள். நடுவே பன்றியின் முதுகெலும்பு போல வரிசை வரிசையாகக் குன்றுகள். சரிவு எவ்வளவு செங்குத்து என்றால் பல இடங்களில் டிராக்டர் ஏறாது. கத்தரித்தல், கட்டுதல், பறித்தல் எல்லாம் கைவேலை. சரிவைத் தாங்கி நிற்பது கல்சுவர் அன்று, புல் வளர்ந்த மண்வரப்பு. இந்தப் புல்வரப்புக் குன்றுகளைத்தான் யுனெஸ்கோ 2019 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே நிற்கும் முக்கியமான கொடி, அப்போது புரோசெக்கோ என்றும் இப்போது கிளேரா என்றும் அழைக்கப்படுவது. வெறி பிடித்தது போல் ஓடி வளரும் கொடி. கிளையின் அடிக்கணுக்களில் காய் பிடிப்பது குறைவு, நுனியை நோக்கிப் போனால்தான் கொத்து விடும். ஆகவே கத்தரிக்கும்போது ஒட்ட வெட்டாமல் நீளக் கிளையாக விட்டு, வளைத்துக் கம்பியில் கட்டுகிறார்கள். கொத்து நீளமானது, நெருக்கமற்றது. பழம் பொன்மஞ்சள், கிளை வெளிர்ப்பழுப்பு. செப்டம்பர் நடுவில் அறுவடை. ஒயினாகும்போது பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப்பூ வாசம் வரும். ஆழமோ கனமோ எதிர்பார்க்கக் கூடாது. அந்த லேசான தன்மைதான் அதன் அழகு என்பது என் எண்ணம். அதைக் குறையென்று சொல்பவர்கள் இளநீரைப் பார்த்து ஏன் பால் போல் கெட்டியாக இல்லை என்று கேட்பவர்கள்.

நுரைக்கும் புரோசெக்கோவின் வரலாறு அவ்வளவு பழையதன்று. அன்டோனியோ கார்பெனே 1868-இல் இங்கே ஒயின் நிறுவனம் தொடங்கினார். 1876-இல் கொனெலியானோவில் ஒயின் தொழிலுக்கென்று ஒரு பள்ளியே எழுந்தது. அதைத் தொடங்கியவர்களில் கார்பெனேயும் ஒருவர். 1895-இல் ஃபெடெரிகோ மார்டினோட்டி என்ற இத்தாலியர், நுரையை உண்டாக்கும் இரண்டாம் நொதிப்பைப் புட்டிக்குள் செய்வதற்குப் பதில் மூடிய பெரிய தொட்டிக்குள் செய்யும் முறையைக் கண்டார். 1907-இல் யூஜீன் ஷார்மா என்ற பிரெஞ்சுக்காரர் அதை மேம்படுத்தினார். சாம்பெயினைப் போல ஆண்டுக்கணக்கில் நிலவறையில் புட்டிகளை வைத்திருக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் வேலை முடியும், செலவு குறையும், பழத்தின் புது வாசனையும் போகாது. கிளேரா போன்ற மென்மையான ரகத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு இல்லை.

அதற்கு முன் குன்றுவாசிகள் செய்தது வேறு. குளிரில் பாதியில் நின்றுபோன நொதிப்பு வசந்தத்தில் புட்டிக்குள் மறுபடி கிளம்பும். ஈஸ்ட் வண்டல் அடியில் அப்படியே தங்கும். 'கோல் ஃபோண்டோ', அதாவது 'அடிவண்டலோடு' என்று பெயர். ஊற்றினால் கலங்கலாக, புளிப்பு மிகுந்து, ரொட்டி மாவு வாசத்தோடு இருக்கும். இன்றும் சிலர் செய்கிறார்கள்.

1969-இல் கொனெலியானோ–வால்தோபியாதெனே புரோசெக்கோவுக்குத் தோற்றப் பெயர்க் காப்பு, அதாவது அந்த ஊரில் விளைந்த ஒயினுக்கு மட்டுமே அந்த ஊர்ப்பெயர் என்ற சட்டக் காவல், கிடைத்தது. ஆனால் வாசகத்தை நுணுக்கிப் பாருங்கள். அதில் ஊர் கொனெலியானோ–வால்தோபியாதெனே; புரோசெக்கோ ரகம். குன்றுகளுக்கு வெளியே, வெனெட்டோ சமவெளியிலும் ஃபிரியூலியிலும் அதே ரகத்தை நட்டவர்கள் தாராளமாகப் புரோசெக்கோ என்று விற்றார்கள். அதைத் தடுக்க வழியில்லை. ஆஸ்திரியாவில் ஒருவர் இந்த ஒயினைத் தகரக் குப்பியில் அடைத்து, பாரிஸ் ஹில்டனின் உடம்பெங்கும் தங்க நிறம் பூசி விளம்பரம் செய்தபோது குன்றுகளில் கொதித்துப்போனார்கள். கொதிக்கத்தான் முடிந்தது.

2009: இரண்டு வாரம் இருக்கும்போது

ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய ஒயின் விதிகள் 2009 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வரவிருந்தன. அதற்குள் நாட்டளவில் காப்புப் பெற்றுவிட்ட பெயர்கள் தாமாகவே ஐரோப்பியப் பட்டியலில் ஏறிவிடும். பிந்தினால் முழு விசாரணையும் புதிதாகத் தொடங்கும்.

அப்போது இத்தாலியின் வேளாண் அமைச்சர் லூகா ஸாயா. கொனெலியானோவில் பிறந்தவர், அங்கே உள்ள ஒயின் பள்ளியில் படித்தவர். 2009 ஜூலை 17-இல் அரசாணை வந்தது. அது ஒரே வீச்சில் மூன்று காரியம் செய்தது.

முதலாவது, திராட்சை ரகத்தின் பெயரைப் புரோசெக்கோவிலிருந்து கிளேரா என்று மாற்றியது. கிளேரா கற்பனைப் பெயரன்று. துறைமுக நகரமான டிரியெஸ்ட் பக்கத்தில் அந்தக் கொடிக்கு வழங்கிவந்த பழைய பெயர்களுள் ஒன்று.

இரண்டாவது, இந்த ஆய்வின் மையம். புரோசெக்கோ என்று ஓர் ஊர் வேண்டும் அல்லவா? இருந்தது. வால்தோபியாதெனேயிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால், ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி, டிரியெஸ்ட் நகராட்சிக்குள் அடங்கிய ஒரு சிறு கிராமம். கொடிக்கு அந்தக் கிராமத்தின் பெயரே வந்தது என்பது நெடுநாள் வழக்கு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பக்கம் வந்த ஆங்கிலப் பயணி ஒருவரின் குறிப்பிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் 2009-இல் அந்த ஊரில் கிளேரா பயிர் மிகச் சொற்பம். காப்பு எல்லைக்குள் அந்த ஊரைக் கொண்டுவர வேண்டுமானால் நடுவில் உள்ளதையெல்லாம் சேர்த்து வளைத்தாக வேண்டும். வளைத்தார்கள். வெனெட்டோவில் 5 மாவட்டங்கள், ஃபிரியூலியில் 4, ஆக 9 மாவட்டங்கள் புரோசெக்கோ மண்டலம் ஆயின.

மூன்றாவது, கொனெலியானோ–வால்தோபியாதெனேக்கும் பக்கத்து ஆஸோலோ குன்றுகளுக்கும் இத்தாலியச் சட்டத்தில் உள்ள உயர்படியான காப்பு கொடுக்கப்பட்டது. குன்றில் ஹெக்டேருக்கு 13.5 டன் திராட்சைதான் எடுக்கலாம், சமவெளியில் 18 டன் எடுக்கலாம். கார்ட்டிட்ஸே என்ற 107 ஹெக்டேர் சரிவில் 12 டன்தான்.

வரைபடத்தைப் பார்த்து ஒருவர் சிரித்தால் குற்றம் சொல்ல மாட்டேன். காப்பின் தர்க்கம் என்ன? இந்த மண்ணும் காற்றும் வேறெங்கும் இல்லை என்பது. ஆனால் ஆல்ப்ஸ் அடிவாரக் குன்றும், போ சமவெளியின் வண்டல் மண்ணும், டிரியெஸ்ட் மேட்டின் சுண்ணாம்புப் பாறையும் ஒரே மண் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டான். காப்பாற்றப்பட்டது மண்ணன்று, சொல். சட்டம் கேட்டது ஓர் ஊர்ப்பெயர், அவர்கள் கொடுத்தார்கள். டோகாய் வழக்கில் தோற்றவர்கள் கற்றுக்கொண்ட பாடத்தை இதைவிடக் கச்சிதமாக ஒப்பித்திருக்க முடியாது.

கடல் கடந்த சண்டை

வீட்டுக்குள் பெயர் மாற்றிவிடலாம். ஏற்கெனவே கப்பலேறிப் போன கொடியை என்ன செய்வது?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங் பள்ளத்தாக்கு என்று ஓரிடம். வால்தோபியாதெனேயிலிருந்து குடிபெயர்ந்து அங்கே புகையிலையும் பிறகு திராட்சையும் பயிரிட்ட ஒரு குடும்பம் 1990-களின் இறுதியில் ஊர்க்கொடியை நட்டு, 2004-இல் புரோசெக்கோ என்று புட்டியில் போட்டு விற்றது. அவர்களைப் பார்த்துப் பிறரும் நட்டார்கள். அந்தக் கொடிக்கு அன்று ஊரறிந்த ஒரே பெயர் புரோசெக்கோதான். 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதை ஆஸ்திரேலியாவில் புவிசார் குறியீடாகப் பதிய முயன்றபோது, அது ரகத்தின் பெயர் என்ற ஒரே வாதத்தில் ஆஸ்திரேலியர்கள் தடுத்துவிட்டார்கள்.

உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்து ஒப்பந்தம் ஒயினுக்கும் சாராயத்துக்கும் மற்றப் பொருள்களைவிடக் கூடுதல் காப்புத் தருகிறது. 'இன்ன ஊர் பாணி' என்று எழுதுவதுகூடக் குற்றம். பாசுமதிக்கோ டார்ஜீலிங் தேயிலைக்கோ அந்த ஒப்பந்தம் இந்த அளவு இரங்கவில்லை என்பதை நம்மவர்கள் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது. ஆனால் அதே ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவில் ஒரு சந்து இருக்கிறது: அமைப்பு உருவான நாளில் ஒரு நாட்டில் வழங்கிவந்த திராட்சை ரகத்தின் பெயரோடு ஒத்துப்போகும் குறியீட்டை அந்த நாடு காக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கொடியா ஊரா என்ற கேள்விக்கு இவ்வளவு பணம் செலவாவது ஏன் என்பது இந்தச் சந்தைப் பார்த்தால் விளங்கும்.

இதே சண்டை சிங்கப்பூரில் மூன்று படி ஏறியது. புரோசெக்கோ உற்பத்தியாளர்களின் இத்தாலியக் கூட்டமைப்பு பதிவுக்கு விண்ணப்பிக்க, ஆஸ்திரேலிய ஒயின் அமைப்பு எதிர்த்தது. பதிவு அலுவலகம் இத்தாலியர் பக்கம் நின்றது. 2022-இல் உயர் நீதிமன்றம் ஆஸ்திரேலியர் பக்கம் சாய்ந்தது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. புரோசெக்கோ ஒரு ரகத்தின் பெயரும்தான் என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் அதனால் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒயின் பிறந்த ஊரைப் பற்றி ஏமாறுவார் என்பதை எதிர்த்தரப்பு நிறுவவில்லை என்றது. இந்தியாவில் இவ்வளவு கூத்தில்லை. சென்னை கிண்டியில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் பட்டியலில், காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் இருக்கும் அதே ஏட்டில், சாம்பெயின், ஸ்காட்ச் விஸ்கியோடு புரோசெக்கோவும் இடம் பிடித்திருக்கிறது.

அதே ஏட்டில் 2023-இல் ஏறிய கம்பம் பன்னீர் திராட்சையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலில் காய்க்கும் அந்தக் கருநீலப் பழம் 'மஸ்கட் ஹாம்பர்க்' என்ற, உலகெங்கும் உள்ள ரகம். நம் விண்ணப்பத்தில் ஊர்ப்பெயர் முன்னால் நின்றதால் ரகத்தின் பெயரோடு மல்லுக்கட்ட வேண்டி வரவில்லை. 'பன்னீர்' என்பதை மட்டும் உரிமை கொண்டாடக் கிளம்பியிருந்தால் நாமும் புரோசெக்கோக்காரர்கள் பட்ட பாட்டைப் பட்டிருப்போம்.

கணக்கும் அதில் வராததும்

விற்பனையை வைத்துப் பார்த்தால் 2009 முடிவு மாபெரும் வெற்றி. 9 மாவட்டப் புரோசெக்கோ இன்று ஆண்டுக்கு 60 கோடிப் புட்டிகளுக்கு மேல். சாம்பெயின் மொத்தமும் 30 கோடிக்குக் கீழேதான். அமெரிக்காவும் பிரிட்டனும் ஜெர்மனியும் வாங்கித் தள்ளுகின்றன. தகரக் குப்பி சட்டப்படி ஒழிந்தது. கண்ணாடிப் புட்டி மட்டுமே.

என் குறை வேறிடத்தில். விதிப்படி புரோசெக்கோவில் கிளேரா குறைந்தது 85 விழுக்காடு இருக்க வேண்டும். மீதி 15-இல் என்னென்ன சேரலாம் என்ற பட்டியலில் மண்ணின் பழைய ரகங்களும் உண்டு, ஷார்டனே, பினோ போன்ற ஊர் சுற்றிகளும் உண்டு. அந்தப் பழைய ரகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால், குன்றுவாசிகள் எவ்வளவு கணக்குப் போட்டு நட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். வெர்டீஸோ புளிப்புக்கு, வெயில் மிகுந்த ஆண்டில் கிளேரா சப்பென்று போனால் இது தூக்கி நிறுத்தும். பியான்கெட்டா சீக்கிரம் பழுக்கும். குளிர்ந்த ஆண்டில் கடுமையைத் தணிக்கும். பெரேராவின் பழம் பேரிக்காய் வடிவம், வாசமும் அதுவே. மணம் கூட்டுவதற்காக அங்கங்கே ஒரு வரிசை. கிளேராவிலேயே நீள்பழ வகை ஒன்று தனி ரகமாக எண்ணப்படுகிறது. நம் கிராமங்களில் ஒரு நெல் பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று இரண்டு மூன்று வகை விதைத்த அதே புத்தி.

இன்று அந்த இடத்தை எடுத்துக்கொண்டது எது? பெரேராவைக் கொடிநோய் ஒருபுறம் அரித்தது, சந்தை மறுபுறம். பெயருக்குப் பணம் வந்ததும் ஒவ்வொருவரும் கிளேராவையே நட்டார்கள். 2020-இல் இளஞ்சிவப்புப் புரோசெக்கோவுக்கு அனுமதி கிடைத்தபோது நிறத்துக்காக 10 முதல் 15 விழுக்காடு சேர்க்க விதித்த ரகம் பினோ நேரோ, பிரான்சின் பர்கண்டிக்காரன். பாரம்பரியத்தைக் காக்க எழுந்த வேலிக்குள் புது வரவுக்கு வாசல் திறந்தாயிற்று. வெர்டீஸோவைத் தனித்துப் புட்டியில் போடும் ஒரு சிலரும், ஃப்ரெகோனா என்ற ஊரில் கிளேரா, வெர்டீஸோ, போஸ்கேரா மூன்றையும் உலர்த்திப் பிழிந்து இனிப்பு ஒயின் செய்பவர்களும்தான் பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கிறார்கள். கொடியின் பெயரை மாற்றியது சட்டத்துக்குத் தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காப்பின் பலன் கொடிக்குத் துணை நின்ற சொந்தங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

குன்றுவாசிகளுக்கு இன்னொரு மனக்கசப்பு. கடைக்குப் போய் ஒரு புட்டியை எடுங்கள். லேபிளில் 'எக்ஸ்ட்ரா டிரை' என்று இருக்கும். மிகவும் உலர்ந்தது என்று நினைத்து வாங்குவீர்கள். லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை, 'புரூட்' என்றிருப்பதைவிட இனிப்பு அதிகம். சரி, அது ஐரோப்பா முழுக்க உள்ள குழப்பம். அதற்குக் கீழே, உயர்படிக் காப்பு (DOCG) என்பதற்கும் சாதாரணக் காப்பு (DOC) என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் எழுத்து. கைவேலையில் விளைந்த குன்றுப் புட்டியும் இயந்திரம் பறித்த சமவெளிப் புட்டியும் ஒரே அலமாரியில், ஒரே பெரிய எழுத்தில் 'புரோசெக்கோ'. விலைகுறைந்தது எதுவோ அது போகும். அதனால் குன்று உற்பத்தியாளர்களில் சிலர் லேபிளில் 'வால்தோபியாதெனே' என்று மட்டும் அச்சிட்டு, புரோசெக்கோ என்ற சொல்லையே விட்டுவிடுகிறார்கள். விதி அதை அனுமதிக்கிறது. யாருடைய ஒயினுக்காக இவ்வளவு பாடுபட்டு ஒரு பெயர் காப்பாற்றப்பட்டதோ, அவர்களே அதைக் கழற்றி வைக்கிறார்கள்.

அந்தக் கிராமம்

பெயர் கொடுத்த ஊர் என்ன ஆயிற்று? டிரியெஸ்ட்டுக்கு மேலே கார்ஸோ என்ற சுண்ணாம்புப் பாறை மேடு. கடலைப் பார்த்த சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள், பல இடிந்து புதர் மண்டிக் கிடக்கின்றன. பாறைக் குழிகளில் தேங்கிய செம்மண். ஸ்லோவேனிய மொழி பேசும் குடியானவர்கள். அவர்கள் வளர்ப்பது வித்தோவ்ஸ்கா, மால்வாசியா, தெர்ரானோ. இவற்றில் வித்தோவ்ஸ்கா அந்த மேட்டுக்கே உரிய வெள்ளை ரகம். 'போரா' என்ற வடகிழக்குச் சூறைக்காற்றைத் தாங்கி நிற்கும். பெயரைப் பயன்படுத்திக்கொள்வதற்கு ஈடாகப் படிவயல்களைச் சீர்ப்படுத்தித் தருவதாகப் பேச்சு இருந்தது. அது நடக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் பல முறை முறையிட்டிருக்கிறார்கள், பெயரைத் திரும்பப் பெறுவோம் என்று எச்சரித்ததும் உண்டு.

இதற்கிடையே குரோஷியா, உலர்ந்த திராட்சையில் தாங்கள் காலங்காலமாகச் செய்யும் 'புரோஷெக்' என்ற இனிப்பு ஒயினுக்கு மரபுச்சொல் காப்புக் கேட்டது. பொஷிப், மராஷ்டினா போன்ற டல்மேஷியக் கரையின் ரகங்களில் செய்வது, நுரை கிடையாது. மணிக்கணக்கில் வைத்துச் சிறுகச் சிறுகக் குடிக்கும் வகை, குழந்தை பிறந்தால் ஒரு புட்டியைத் தனியே எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு. 2021-இல் அந்த விண்ணப்பத்தை ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்டதும் இத்தாலி முழுவதும் பொங்கியெழுந்தது: எங்கள் பெயரைப் போல ஒலிக்கிறது, வாங்குபவர் குழம்பிவிடுவார். டோகாய் வழக்கில் ஹங்கேரி சொன்ன அதே சொல், இப்போது இத்தாலியின் வாயில்.

டிரியெஸ்ட்டிலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில் அந்தக் கிராமத்தின் எல்லைப் பலகை இரண்டு மொழியில் நிற்கிறது. மேல் வரி இத்தாலியம், 'புரோசெக்கோ'. கீழ் வரி ஊரார் வீட்டில் பேசும் ஸ்லோவேனியம், 'புரோசெக்'.